போகி அன்றைக்கு மூடிய கடை

சென்னைக் கல்மண்டபத்தில் தேவப்பிரியம் ஸ்டோர்ஸின் ஷட்டர் காலை ஐந்து மணிக்கு ஏறினால் இரவு பத்தரைக்குத்தான் இறங்கும். முப்பத்தோரு வருஷமாக இதுதான் நடைமுறை. இடையில் சுனாமி வந்தது, புயல் வந்தது, வெள்ளம் வந்தது. ஊரடங்கு வந்தபோதுகூட மளிகைக்கு விலக்கு உண்டு என்று தேவப்பிரியம் அண்ணாச்சி முதல் ஆளாகப் போய்த் திறந்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் ஆராதனை முடியும்வரை மூடியிருக்கும். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பருப்பு நிறுக்கப் போய்விடுவார்.

ஊருக்குத் தெரிந்தது அண்ணாச்சி ஒருவரைத்தான். கல்லாவில் உட்காருவது, மாடி வீட்டில் கடை ஆட்கள் நாலு பேருக்கும் மூன்று வேளை சமைப்பது, பத்து நாள் கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு அரிசி, வெங்காயம், டீத்தூள் என்று பட்டியல் போட்டு ஏற்றிவிடுவது எல்லாம் அவர் மனைவி செல்லக்கனி. சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று சொன்னால் அது ஒன்றும் பெரிய பொய் இல்லை.

இவர்களுடைய ஒரே மகன் அஜின் விமானி. தெருவே அதைப் பெருமையாகச் சொல்லும், தேவப்பிரியத்தைத் தவிர. அவர் அகராதியில் வேலை என்றால் ஒரு நாளைக்குப் பதினேழு மணி நேரம். மகனோ வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருக்கிறான், அதற்கும் சம்பளம் வருகிறது. இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்பது அவர் கட்சி.

“வண்டிய ஏத்தணும், எறக்கணும். நடுவுல அது தானா போவுது. இதுக்குப் பேரு வேலையாலே?” என்பார்.

அதனால் ஓய்வு நாளில் பையன் கண் விழித்ததும் கீழே கூப்பிட்டுத் தராசுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். அஜினுக்கு இருபத்தெட்டு வயதாகியும் அப்பாவிடம் முடியாது என்று சொல்ல வராது. கண்ணைக் கசக்கிக்கொண்டு உளுந்து நிறுப்பான். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் கோவிந்தம்மா, சாமான் வாங்க வந்தால் அவனை விடமாட்டாள்.

“இன்னா நைனா, வானத்துல ஓட்றவன் இங்க உளுந்து நிறுத்துகினு கீறே? பிளேனு ரிப்பேரா?”

அவன் ஓட்டுவது இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம். அதிகமும் போவது தூத்துக்குடிக்கு, அதாவது இவர்கள் ஊருக்கு. இறங்கும்போது உப்பளம் உப்பளமாகக் கீழே வெயிலில் மின்னும் என்று மூன்று வருஷமாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். செல்லக்கனியும் மூன்று வருஷமாக அதில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தேவப்பிரியம் ஒன்றையே சொல்வார்: “கடைய யாரு பாப்பா?” அது கேள்வி இல்லை. அதுதான் பதில்.

டிசம்பர் கடைசியில் அஜின் ஒரு சேதி கொண்டுவந்தான். அவனைப் பெரிய விமானத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிப்ரவரி முதல் டெல்லியில் வாசம்.

“போகி அன்னைக்குத்தாம்மா தூத்துக்குடிக்கு நான் ஓட்டுறது கடைசி. ரெண்டு பேரும் வாங்க. வேலை பாக்கவன் குடும்பத்துக்கு டிக்கெட் உண்டு. சீட்டு காலியா இருந்தா போதும்.”

தேவப்பிரியம் வாய்விட்டுச் சிரித்தார். பொங்கலுக்கு முந்தின நாள் விற்கிற வெல்லமும் பச்சரிசியும் மற்றபடி ஒரு மாதத்துக்கும் விற்காது. அன்றைக்குப் போய்க் கடையை மூடவாம். “கடைய யாரு பாப்பா?” என்றார். பேச்சு முடிந்தது.

முடிந்தது என்று அவர்தான் நினைத்தார்.

அடுத்த வாரம் வெல்ல லாரி வந்தது. ஓய்வில் இருந்த அஜின் பனியனோடு நின்று மூட்டை இறக்கினான். மறுநாள் விடியலில் விமான நிலையத்துக்குப் போனவன் ஏழு மணிக்கெல்லாம் திரும்பி வந்து நின்றான். களைப்பாக இருக்கிறது, இன்று ஓட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம். கடை நிறைய ஆட்கள். தேவப்பிரியம் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

“நாலு மூட்டை எறக்குனதுக்கே களைப்பா? நல்ல ஆம்பளதாம்ல நீ.”

அஜினின் முகம் செத்துப்போயிற்று. செல்லக்கனிக்குக் கோபம் வந்தது. கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மகனை மாடிக்குக் கூட்டிப்போனாள். டீ போட்டுக் கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள்.

“களைப்புன்னு சொன்னா திட்ட மாட்டாங்களாலே?”

“மூஞ்சியச் சுளிப்பாங்கம்மா. ஆனா ஏறுன்னு சொல்ல முடியாது. சட்டம் இருக்கு.”

“என்ன சட்டம்?”

அவன் சொன்னான். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வேலை முடிந்ததும் குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு. வாரத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து நாற்பத்தெட்டு மணி நேரம் யாரும் கூப்பிடக்கூடாது. முன்பு முப்பத்தாறுதான், இப்போதுதான் கூட்டியிருக்கிறார்கள். களைத்தவன் கையில் எழுபது உயிரைக் கொடுக்கக்கூடாது என்பதற்காக.

“சரி, ஓட்டுறது உனக்குப் பிடிச்சிருக்கா?”

அஜின் டீயைப் பார்த்துக்கொண்டே யோசித்தான். “ஓட்டும்போது ரொம்பப் பிடிக்கும்மா. சக்கரம் தரைய விட்டதும் ஒரு சந்தோசம் வரும் பாரு, அது இன்னும் குறையவே இல்ல. எறங்கினப்புறம்தான் கஷ்டம். இன்னைக்கு என்ன கெழமைன்னு கேட்டா தெரியாது. ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வந்து மூணு மாசமாச்சு. வீட்டுக்கு வந்தா தூங்கணும்னு வரேன், இங்க வந்தா...” என்று நிறுத்திக்கொண்டான். மிச்சத்தை அவள் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் சாயங்காலம்வரை அசையவில்லை.

செல்லக்கனி நாள்காட்டியில் கிழித்த தாளை எடுத்துப் பின்பக்கத்தில் தன் நேரத்தை எழுதிப் பார்த்தாள். காலை நாலரைக்கு அடுப்பு. ஐந்துக்குக் கல்லா. இரவு பதினொன்றுக்குக் கடைசிப் பாத்திரம். அஜின் சொன்ன சட்டத்தை இதன்மேல் வைத்துப் பார்த்தபோது, ஆகாயத்தில் அவளை ஒரு நாள்கூட யாரும் பறக்க விட்டிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தது.

மறுநாள் மாலை நாலரை மணி. கடையில் நல்ல கூட்டம். செல்லக்கனி ஸ்டூலிலிருந்து எழுந்து, கல்லாச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்தாள்.

“எனக்குப் பன்னெண்டு மணி நேரம் முடிஞ்சிட்டு. இனிமே காலைல நாலரைக்குத்தான்.”

மாடியேறிப் போய் மின்விசிறியைப் போட்டுப் படுத்துக்கொண்டாள். கீழேயிருந்து தேவப்பிரியம் அவளுக்கு வயிற்றுவலி என்று நினைத்து ஓமவாட்டரோடு ஏறி வந்தார். விஷயம் புரிந்ததும் ஓமவாட்டரை அவரே குடித்தார்.

“உனக்கு யாருட்டி சட்டம் போட்டா?”

“நானே போட்டுக்கிட்டேன். ஏரோப்பிளேன் விழுந்துறக் கூடாதுன்னு அவனுக்குப் போட்டிருக்கு. நான் விழுந்தா பரவால்லயா?”

அன்று இரவுச் சாப்பாட்டை அண்ணாச்சி சமைத்தார். கடையில் மூத்த ஆள் தாமஸ் ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, “இது கொழம்பா ரசமா அண்ணாச்சி? தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி சாப்புடுவோம்” என்றான். மற்ற மூவரும் பசியில்லை என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் பரோட்டா சாப்பிடப் போனார்கள்.

இரண்டாம் நாள் நிலைமை முற்றியது. படகுப் பட்டியலை அண்ணாச்சியே போட்டார். பத்து நாள் கடலுக்குப் போகும் படகில் டீத்தூள் இருபது பாக்கெட் ஏற்றினார், சர்க்கரையை மறந்தார். நடுக்கடலிலிருந்து வயர்லெஸ்ஸில் வந்த வசவைக் கோவிந்தம்மா கடைக்கு வந்து ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் இருக்கலாம்.

“பத்து நாளு கசப்பு டீ குட்ச்சிகினு மீன் புடிக்கணுமாம் அண்ணாச்சி. கரைக்கு வந்ததும் மொதல்ல உன்னத்தான் புடிப்பாங்களாம்.”

மூன்றாம் நாள் மாலை செல்லக்கனி, நாளையும் நாளைமறுநாளும் தனக்கு வார ஓய்வு, நாற்பத்தெட்டு மணி நேரம், யாரும் கூப்பிடக்கூடாது என்று அறிவித்தாள். தேவப்பிரியம் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு இப்ப என்னதாம்ட்டி வேணும்?”

“எம்புள்ள ஓட்டுற விமானத்துல ஒரு தடவ ஏறணும். அவன் டெல்லிக்குப் போயிட்டான்னா யாரு கண்டா? அவன் என்ன வேல செய்யுதான்னு என் கண்ணால பாக்கணும். நீங்களும் பாக்கணும். பாத்துட்டு அப்புறம் பேசுங்க.”

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. இவ்வளவு நாள் நடத்திய போராட்டத்தில் அழக்கூடாது என்றுதான் வைத்திருந்தாள். தேவப்பிரியம் அவளைப் பார்க்காமல் படியில் ஒட்டியிருந்த வெல்லப்பாகை நகத்தால் சுரண்டினார். ரொம்ப நேரம் சுரண்டினார்.

“போகி அன்னைக்குத்தான் போவணுமா?”

“அன்னைக்குத்தான்.”

“சரி” என்றார், விளக்கெண்ணெய் குடித்தவரைப் போல.

சரி என்று சொன்னாரே தவிர, ‘கடை விடுமுறை’ என்று ஒரு அட்டையில் எழுதி மாட்ட அவருக்குக் கை வரவில்லை. அந்த ஷட்டரில் அப்படி ஒரு வார்த்தை ஏறியதே கிடையாது. பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று ஒன்றும் எழுதாமலே விட்டார். தாமஸுக்கும் மற்றவர்களுக்கும் முந்தின நாளே பொங்கல் லீவு கொடுத்தார். அண்ணாச்சி மனசு மாறுவதற்குள் நாலு பேரும் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். போகும் முன் கோடவுனைச் சுத்தம் செய்து கிழிந்த சாக்குகளை வெளியே போட்டிருந்தார்கள். போகிக்குக் கொளுத்துவதற்குப் பழசு கேட்டு வந்த தெருக்காரர்களிடம் அண்ணாச்சி அதையெல்லாம் தாராளமாக அள்ளிக் கொடுத்தார். அவர் தாராளமாகக் கொடுத்தது அந்த வருஷத்தில் அது ஒன்றுதான்.

போகி விடிந்தபோது சென்னை புகைக்குள் இருந்தது. பாய், சாக்கு, டயர் என்று ஊரே கொளுத்திய புகை கீழே படிந்து கிடந்தது. எட்டு மணிக்கு விமான நிலையத்தில் கண்ணாடிச் சுவருக்கு முன் உட்கார்ந்த செல்லக்கனிக்கு, வெளியே நின்ற விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மடியில் பனங்கற்கண்டு டப்பா, மகனோடு சேர்ந்து ஓட்டுகிற கேப்டனுக்கு.

காலை நாலு மணிக்கே வேலைக்கு வந்த அஜின் முதலில் திருச்சிக்குப் போய் வர வேண்டும். அந்த விமானமே புகையில் நின்று ஒன்பதரைக்குத்தான் கிளம்பியதாம். பத்து மணித் தூத்துக்குடி விமானம் ஒரு மணி என்றார்கள். பிறகு இரண்டரை என்றார்கள். காத்திருந்தவர்களில் பல பேர் ரயிலைப் பிடிக்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

“யாரு வீட்டுச் சாக்குப் பொகையோ” என்றாள் செல்லக்கனி.

தேவப்பிரியம் இருமினார்.

பன்னிரண்டரைக்கு அவர் போன் அடித்தது. கோவிந்தம்மா. காதில் வைத்த மாத்திரத்தில் அந்தப் பக்கம் ஓவென்று அழுகை. பக்கத்திலிருந்த செல்லக்கனிக்கே கேட்டது.

“அண்ணாச்சி, நீயா பேசற? நீ கீறியா? அப்போ அக்காதான் பூட்ச்சா?”

“யாரு போனா? என்ன பேசுத நீ?”

“போகி அன்னிக்கு உன் கடை மூடிகீதுன்னா வேற இன்னா அர்த்தம்? வூட்டாண்டயும் பூட்டிகீது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு பூட்டாங்கன்னு சொல்றாங்க. மாலை வாங்கியாந்துட்டோம், மோளக்காரங்க வந்து ஒக்காந்துகினு கீறாங்க. எதிர்க்கடை தாமோதரன் பாதி ஷட்டர எறக்கிட்டு அழுதுகினு கீறாரு.”

தாமோதரனும் தேவப்பிரியமும் எதிரெதிர் மளிகைக் கடையில் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். பேச்சு நின்றதற்குக் காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது.

“தாமோதரனா? அழுதானா? நல்லாப் பாத்தியா?”

“தேம்பித் தேம்பி அழுவுறாரு அண்ணாச்சி. போகி யாவாரத்த வுட்டுட்டு.”

“எத்தனை பேரு நிக்காங்க?”

“அம்பது பேருக்கு மேல. மீன் போட்டுக்காரங்ககூட வந்துட்டாங்க.”

தேவப்பிரியம் போனைக் காதிலிருந்து எடுத்து, கண்ணாடிப் பக்கம் திரும்பி, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். முப்பத்தோரு வருஷம் கடை திறந்து வைத்தபோது தெரியாத ஒன்று, ஒரு நாள் மூடியதும் தெரிந்துவிட்டது மனுஷருக்கு. திரும்பிப் பேசியபோது குரல் கரகரத்தது.

“நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். மகன் கூட ஊருக்குப் போறோம்னு சொல்லு. ஆனா...” என்று இழுத்து, “தாமோதரனுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கழிச்சுச் சொல்லு” என்றார்.

செல்லக்கனி சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர நிமிர்ந்தபோது, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அஜின் வருவது தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் தோளில் பட்டை. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அந்த உடையில் விமான நிலையத்தில் அவனைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் அவன் முகம் சரியாக இல்லை.

“அம்மா, நான் ஓட்ட முடியாதும்மா. நாலு மணிக்கே வந்தாச்சு. இது ரெண்டரைக்குக் கெளம்பி, போயிட்டு வந்தா நேரம் தாண்டிடும். எனக்கும் கேப்டனுக்கும் டூட்டி முடிஞ்சிட்டு. வேற ரெண்டு பேரு ஓட்டிட்டு வாராங்க.”

செல்லக்கனி அவன் கையைப் பிடித்தாள். “போறதுக்கு மட்டும் நீ ஓட்டேன். கொஞ்ச நேரந்தான. கேட்டுப் பாரேன்.”

“கேக்கக் கூடாதும்மா. சட்டம்.”

தேவப்பிரியம் வாயைத் திறந்தார். மூன்று நாள் சமைத்த மனுஷர், சட்டத்தைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பட்டுப்புடவையும் பனங்கற்கண்டுமாக அவள் உட்கார்ந்த விதம் அப்படி இருந்தது.

“அப்ப நான் எதுக்கு ஏறணும்? வீட்டுக்குப் போவோம்” என்றாள். “இனிமே அவன் தூத்துக்குடிக்கு ஓட்ட மாட்டாம்லா.”

அஜின் அவள் முன் குந்தி உட்கார்ந்தான். தோளிலிருந்த பட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“எனக்கு இப்பலேருந்து வார ஓய்வும்மா. நாப்பத்தெட்டு மணி நேரம் யாரும் கூப்பிட முடியாது. பாதிப்பேரு ரயிலுக்குப் போயிட்டதால சீட்டு நெறைய இருக்கு. நானும் உங்க கூட ஊருக்கு வாரேன். பொங்கலுக்கு அங்க இருப்போம்.” பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். “ரெண்டு நாள்ப்பா.”

இரண்டு நாள் என்றால் நாளைக்கும் கடை இல்லை. தேவப்பிரியத்தின் உதடு அசைந்தது. அந்த மூன்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததைச் செல்லக்கனி பார்த்தாள்.

“தாமோதரன் பாத்துப்பான்” என்றார் தேவப்பிரியம். “நாளைக்கு யாவாரம் அவனுக்கு இருக்கட்டும். அழுதிருக்காம்லா.”

விமானத்தில் செல்லக்கனிக்கு இடப்பக்க ஜன்னல், அவளுக்கடுத்து அஜின். நடைபாதைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் தேவப்பிரியம் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசிறி சுழன்றது, வண்டி ஓடியது. “இப்பப் பாரும்மா, இப்ப” என்றான் அஜின். சக்கரம் தரையை விட்டது. அவன் சொன்ன அந்தச் சந்தோஷம் அவளுக்கும் வந்தது. சொல்லலாம் என்று திரும்பினாள். மகன் தூங்கிவிட்டிருந்தான்.

விழுப்புரம் தாண்டுவதற்குள் அவன் தலை அவள் தோளுக்கு வந்தது. நாலு மணிக்கே வேலைக்குப் போன பிள்ளை, இல்லை, மூன்று வருஷமாகச் சரியாகத் தூங்காத பிள்ளை. பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தபோது செல்லக்கனி உதட்டில் விரல் வைத்தாள்.

“விமானி தூங்குதாரு” என்றாள் மெதுவாக.

விமானம் இறங்கத் தொடங்கியது. “உப்பளம் தெரியுது, உப்பளம் தெரியுது” என்று தேவப்பிரியம் அந்தப் பக்கத்திலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவளுக்குப் பார்க்க வேண்டும் என்றால் எட்டிச் சாய வேண்டும். சாய்ந்தால் தோள் நகரும். அவள் நகரவில்லை.

“எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க.”

அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். “பாத்தி பாத்தியா மின்னுதுட்டி” என்றார். “இவ்வளவு ஒயரத்துலேருந்து இவன் தெனமும் எறக்குதானா?” மகன் தூங்கும் முகத்தை நடைபாதைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். “நான் வெல்ல மூட்டை எறக்கவிட்டுட்டனே கனி.”

சக்கரம் தரையைத் தொட்டது, வண்டி நின்றது. எல்லாரும் எழுந்து பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். அஜின் அசையவில்லை. கடைசி ஆளும் போன பிறகு பணிப்பெண் வந்து, இறங்க வேண்டும், எழுப்பட்டுமா என்று கேட்டாள். செல்லக்கனி வாயைத் திறப்பதற்குள் தேவப்பிரியம் எழுந்து நடைபாதையை மறித்து நின்றார்.

“சட்டப்படி பன்னெண்டு மணி நேரம்மா” என்றார். “இன்னும் எட்டு மணி நேரத்துக்கு மேல பாக்கி இருக்கு.”